நவம்பரில் மாறிய மூன்றாம் மொழி: கேந்திரிய வித்யாலயாக்களில் ஜெர்மன்

கேந்திரிய வித்யாலயாக்களின் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். 2014 நவம்பரில், ஆண்டுத் தேர்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்றாம் மொழியாக ஜெர்மன் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் இனி இல்லை என்று தெரிவிக்கப்பட்டது. அந்த இடத்தில் சமஸ்கிருதம் எடுக்கலாம், இல்லாவிட்டால் நவீன இந்திய மொழிகளில் ஒன்றை எடுக்கலாம். சுமார் 500 பள்ளிகள். 70,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ஆறாவதிலும் ஏழாவதிலும் தொடாத சமஸ்கிருதத்தை எட்டாவதின் நடுவில் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு பத்திரிகைகளில் இதைச் சமஸ்கிருதமா ஜெர்மனா என்ற சண்டையாகவே எழுதினார்கள். சண்டை இருந்தது உண்மைதான். ஆனால் ஆவணங்களையும் வாதங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாமே ஒரு சின்ன விஷயத்தில் போய் முட்டுகிறது. ஒரு வாரத்துக்கு இத்தனை பாடவேளைதான் உண்டு. அதில் மூன்றாம் மொழிக்கு ஒதுக்கியது சில. ஜெர்மன் உள்ளே வந்தது அந்தப் பாடவேளை வழியாக, வெளியே போனதும் அதே வழியாக.

இடம் கிடைத்த விதம்

கேந்திரிய வித்யாலயா என்பது 1963-இல் தொடங்கிய மத்திய அரசுப் பள்ளி வரிசை. ஊர் ஊராக மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்கள், படைவீரர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்காக வந்தது. சென்னையிலிருந்து ஜோத்பூர் போனாலும் அதே பாடம், அதே புத்தகம், அதே தேர்வு என்பதுதான் இதன் அடிப்படை. 2014-இல் நாடு முழுக்க ஏறத்தாழ 1,090 பள்ளிகள் இருந்தன; மாஸ்கோ, தெஹ்ரான், காத்மாண்டு ஆகிய ஊர்களிலும் ஒவ்வொன்று. இந்தி, ஆங்கிலம், இவற்றோடு நடுநிலை வகுப்புகளில் சமஸ்கிருதம் என்பதே வழக்கம்.

இந்த வழக்கத்துக்குள் ஜெர்மன் 2009 வாக்கில் சில பள்ளிகளில் தலைகாட்டியது. 2011 செப்டம்பரில், இந்தப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான கேந்திரிய வித்யாலயா சங்கதனும், ஜெர்மன் மொழியையும் பண்பாட்டையும் பரப்பும் ஜெர்மனியின் கோத்தே நிறுவனமும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. படிப்படியாக 1,000 பள்ளிகளுக்கு ஜெர்மனைக் கொண்டுபோவது இலக்கு. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது கோத்தே நிறுவனத்தின் பொறுப்பு. ஒப்பந்தக் காலம் மூன்று ஆண்டு.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கோத்தே நிறுவனம் உலகெங்கும் அந்தப் பெயரில்தான் இயங்குகிறது. இந்தியாவில் மட்டும் அதற்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று இன்னொரு பெயர். ரிக் வேதத்தைப் பதிப்பித்த ஜெர்மானிய சமஸ்கிருத அறிஞர் பெயரைத் தாங்கிய நிறுவனம், சமஸ்கிருதம் இருந்த பாடவேளையில் ஜெர்மனைக் கொண்டுவந்து வைத்தது. யாரும் திட்டமிட்டுச் செய்த கேலி இல்லை. கால அட்டவணையில் காலியாகக்கூடிய இடம் அது ஒன்றுதான். இந்தியை எடுக்க முடியாது, ஆங்கிலத்தை எடுக்க முடியாது. கணக்கிலும் அறிவியலிலும் கைவைக்கும் துணிச்சல் எந்தப் பள்ளி முதல்வருக்கும் வராது.

பெற்றோர் ஜெர்மனைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் இருந்தன. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது அப்போது பரவலாகத் தெரிந்திருந்தது. கட்டணம் வாங்கிய கடைசி மாநிலமான நீடர்சாக்சனும் 2014 இலையுதிர்காலத்தோடு அதை நிறுத்தியிருந்தது. இன்னொரு காரணத்தை யாரும் மேடையில் சொல்வதில்லை. தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பிரெஞ்சும் ஜெர்மனும் ஸ்பானிஷும் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் இந்தப் பெற்றோர். குமாஸ்தா வீட்டுப் பிள்ளைக்கும் ஹவில்தார் வீட்டுப் பிள்ளைக்கும் அதே கதவு திறக்கிறது என்றால் விடுவார்களா?

வகுப்பறைக்குள்

இந்த விவகாரத்தைப் பற்றி எழுதியவர்கள் அதிகம் நுழையாத இடம் வகுப்பறை. பதினோரு வயதுப் பிள்ளை ஜெர்மன் வகுப்பில் என்னதான் கற்கும்?

முதல் வாரத்திலேயே, பெயர்ச்சொல்லுக்கு முன்னே நிற்கும் சுட்டுகளான 'டெர், டி, டஸ்' வந்துவிடும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், அலி என்று ஒரு பால். பொருளைப் பார்த்து ஊகிக்க முடியாது. சிறுமியைக் குறிக்கும் 'மேட்சென்' என்ற சொல் அலிப்பால். வகுப்பே சிரிக்கும் இடம் இது. ஆனால் பக்கத்து வகுப்பில் சமஸ்கிருதம் படிக்கும் பிள்ளைக்கு இது புதிதாகவே இருக்காது. அங்கே மனைவியைக் குறிக்கும் 'களத்ரம்' அலிப்பால். அதே பொருளில் வரும் 'தாரா' ஆண்பால், அதுவும் பன்மையில். இரண்டு ஆசிரியர்களும் ஒருநாள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் அட்டவணை அவர்களை ஒருவர் இடத்தில் ஒருவர் என்று வைத்திருந்தது.

வேற்றுமையும் அப்படித்தான். ஜெர்மனில் நான்கு, சமஸ்கிருதத்தில் எட்டு, தமிழிலும் எட்டு. தமிழ்ப் பிள்ளை 'மனிதனை', 'மனிதனுக்கு', 'மனிதனுடைய' என்று சொல்லின் வாலில் செய்வதை ஜெர்மன் பெரும்பாலும் சொல்லுக்கு முன்னே நிற்கும் சுட்டில் செய்கிறது: 'டென் மன்', 'டெம் மன்', 'டெஸ் மன்னஸ்'. ஆங்கிலம் வழியாக இதை விளக்கப் போகும் ஆசிரியருக்கு அரை மணி நேரம் பிடிக்கும். இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை என்று சொன்னால், அதைப் படித்த பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். காரணம் சொல்லும் துணைவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவதும் நமக்கு உறுத்தாது. 'வைல் இஹ் கிராங்க் பின்' என்பதில் 'இருக்கிறேன்' என்ற வினை வாக்கியத்தின் கடைசியில்தான் நிற்கிறது, 'எனக்கு உடம்பு சரியில்லாமல் இருப்பதால்' என்பதில் நிற்பதுபோல. 'டூ' என்றால் நீ, 'சீ' என்றால் நீங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இது ஒரு பண்பாட்டுப் பாடம். நம் வீட்டுப் பிள்ளைக்கு, யாரைப் பார்த்து எதைச் சொன்னால் முதுகில் விழும் என்பது ஏற்கெனவே தெரியும்.

பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கு வருவோம். வெளிநாட்டு மொழி உள்ள எந்தப் பள்ளியிலும் ஆண்டுக்கொரு நாள் அந்த மொழிக்கென்று விழா உண்டு. அட்டைப் பெட்டியில் பிராண்டன்பர்க் வாயில் செய்வார்கள், கறுப்பு-சிவப்பு-பொன் நிறத்தில் தோரணம் கட்டுவார்கள், பொருள் புரியாமல் மனப்பாடம் செய்த நாடகம் ஒன்று மேடையேறும், கடைசியில் சாக்லேட் கேக். சிறப்பு விருந்தினர் பிள்ளைகளின் உச்சரிப்பைப் பாராட்டிவிட்டுப் போவார். இதில் மொழி கற்பது மிகக் குறைவு. நிகழ்ச்சிக்காக ஓடியாடி உழைத்த ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் பெற்றோருக்கும் நிர்வாகத்துக்கும் காட்டும் காட்சியை வகுப்பறைப் பயிற்சியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

அதே பண்பாட்டை வாரத்துக்குள் கொண்டுவந்தால் கதை வேறு. டிசம்பர் முதல் தேதியிலிருந்து 24 வரை ஒவ்வொரு நாளும் ஒரு சிறு கதவைத் திறக்கும் அட்வென்ட் நாட்காட்டியை ஜெர்மன் வீடுகளில் பார்க்கலாம். வகுப்பில் காகிதத்தில் ஒன்று செய்து வைத்தால், கதவைத் திறக்க வேண்டிய பிள்ளை 'இன்று டிசம்பர் மூன்றாம் நாள்' என்று ஜெர்மனில் சொல்லியே ஆக வேண்டும். வரிசை எண் 24 நாளில் தானாக வாயில் ஏறிவிடும். நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். அன்று மாலை ஜெர்மனியில் பிள்ளைகள் கையால் செய்த காகித விளக்குகளோடு தெருவில் வரிசையாக நடப்பார்கள். கார்த்திகை விளக்கு ஏற்றும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இதை விளக்கப் பெரிய முன்னுரை வேண்டாம். 'எங்கள் வீட்டிலும்' என்று அதுவே வாயைத் திறக்கும். முதல்முறை பள்ளிக்குப் போகும் ஜெர்மன் பிள்ளைக்கு வீட்டார் இனிப்பும் பென்சிலும் நிரப்பிய கூம்புப் பொட்டலம் கொடுப்பார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று ஊகித்துச் சொல்லும் ஒரு விளையாட்டு, பத்துப் பெயர்ச்சொல்லுக்கும் பத்துச் சுட்டுக்கும் போதும்.

இவையெல்லாம் நடக்க வாரத்தில் போதிய பாடவேளை வேண்டும். அதனால்தான் ஒப்பந்தக் கதைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

முடிவு, நீதிமன்றம், பிரிஸ்பேன்

எதிர்ப்பு திடீரென்று முளைத்ததல்ல. 2013-இலேயே சமஸ்கிருத ஆசிரியர்களின் அமைப்பு ஒன்று தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. சமஸ்கிருதத்தின் இடத்தில் வெளிநாட்டு மொழியை வைப்பது தேசியக் கல்விக் கொள்கைக்கு மாறானது என்பது அவர்கள் வாதம். அதில் வேலை பறிபோகும் அச்சமும் கலந்திருக்கும், அது குற்றமில்லை. தன் பாடத்தை எடுக்கும் பிள்ளைகள் ஆண்டுக்காண்டு குறைவதைப் பார்த்துக்கொண்டு எந்த ஆசிரியர் சும்மா இருப்பார்?

2014 செப்டம்பரில் ஒப்பந்தக் காலம் முடிந்தது. அக்டோபர் 27 அன்று, அப்போதைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் ஸ்மிருதி இரானி தலைமையில் கூடிய சங்கதனின் ஆளுநர் குழு, சமஸ்கிருதத்துக்கு மாற்றாக ஜெர்மன் இனி இருக்காது என்று முடிவு செய்தது. விருப்பமுள்ளவர்கள் கூடுதல் மொழியாக, பொழுதுபோக்குப் பாடமாகப் படிக்கலாம். 2011 ஒப்பந்தமே மும்மொழித் திட்டத்தை மீறிப் போடப்பட்டது என்றார் அமைச்சர். அது எப்படிக் கையெழுத்தானது என்று விசாரிக்கவும் உத்தரவிட்டார்.

மும்மொழித் திட்டம் என்ன சொல்கிறது? 1968-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின்படி இந்தி பேசும் மாநிலங்களில் இந்தி, ஆங்கிலம், கூடவே நவீன இந்திய மொழி ஒன்று, முடிந்தால் தென்னிந்திய மொழி. பிற மாநிலங்களில் வட்டார மொழி, இந்தி, ஆங்கிலம். ஜெர்மன் இதில் அடங்காது என்பது உண்மை. சமஸ்கிருதமும் 'நவீன இந்திய மொழி' ஆகாது என்பதும் அதே அளவு உண்மை. அதே கொள்கை அதைத் தனிப் பத்தியில்தான் பேசுகிறது. சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனை வெளியேற்றியவர்கள், அந்த எழுத்து தில்லி பள்ளியில் தமிழையோ மலையாளத்தையோ உட்கார வைத்திருக்க வேண்டும் என்பதைக் கண்டுகொள்ளவில்லை. அரசின் வாதத்தில் எனக்குப் பெரிய ஓட்டையாகப் படுவது இதுதான்.

நவம்பர் நடுவில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜி-20 மாநாடு நடந்தது. ஜெர்மன் பிரதமர் அங்கேலா மெர்கல் அங்கே நரேந்திர மோடியிடம் இந்த விஷயத்தை எழுப்பினார். பார்ப்பதாக மோடி சொன்னார். இரண்டு நாட்டுத் தலைவர்கள் ஆறாம் வகுப்புக் கால அட்டவணையைப் பற்றிப் பேசிக்கொண்டது அபூர்வம்தான்.

பெற்றோர் சிலர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி அனில் ஆர். தவே தலைமையிலான அமர்வு, மொழிக் கொள்கை சரியா தவறா என்பதைவிட, ஆண்டு நடுவில் ஏன் என்ற கேள்வியையே அழுத்திக் கேட்டது. ஒப்பந்தம் போட்டது தவறென்றால் அது அரசின் தவறு, அதற்குப் பிள்ளைகள் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்பது அமர்வு எழுப்பிய கேள்வியின் சாரம். முடிவைத் திரும்பப் பெற மாட்டோம் என்ற அரசு, டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சமரசம் சொன்னது: அந்தக் கல்வியாண்டில் அந்த மாணவர்களுக்குச் சமஸ்கிருதத் தேர்வு இருக்காது.

ஆக, ஜெர்மன் வகுப்பும் போயிற்று, சமஸ்கிருதத்துக்குத் தேர்வும் இல்லை. மீதி நாலு மாதம் அந்தப் பாடவேளையில் அந்தப் பிள்ளைகள் எந்த அளவு ஆர்வத்தோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று ஆசிரியராக வேலை பார்த்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சமஸ்கிருதத்துக்கு நல்லது செய்யப் புறப்பட்டு, மதிப்பெண் இல்லாத பாடமாக அதை அறிமுகப்படுத்தினார்கள்.

பாடவேளைக் கணக்கு

'ஜெர்மனை ஒழிக்கவில்லை, கூடுதல் மொழியாக வைத்திருக்கிறோம்' என்ற அரசுத் தரப்பை நேர்மையாகப் பரிசீலிக்க ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொடக்க நிலையான ஏ1-ஐ எட்ட, கற்பவரைப் பொறுத்து 45 நிமிட வகுப்புகள் 80 முதல் 200 வரை வேண்டும் என்பது கோத்தே நிறுவனத்தின் மதிப்பீடு. முறையான பாடமாக வாரம் மூன்று வகுப்பு, ஆண்டுக்கு 35 வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 105, மூன்று ஆண்டில் 315. எட்டாவது முடிக்கும்போது பிள்ளை ஏ1-ஐத் தாண்டி ஏ2-வின் வழியில் இருக்கும். பொழுதுபோக்குப் பாடமாக வாரம் ஒரு வகுப்பு என்றால் ஆண்டுக்கு 35. மூன்று ஆண்டு முடிந்தும் 105. விளையாட்டு விழா, ஆண்டு விழா, தேர்வு வாரம் என்று அதிலும் முதலில் பலியாவது இந்த வகுப்புதான். பிள்ளை 'என் பெயர் இன்னது, எனக்குக் கால்பந்து பிடிக்கும்' என்பதோடு நிற்கும். அட்டைப் பெட்டி பிராண்டன்பர்க் வாயிலுக்கு அது தாராளமாகப் போதும்.

கோத்தே நிறுவனத்தின் பக்கமும் ஒரு பிழை இருக்கிறது. 1,000 பள்ளி என்ற எண்ணிக்கையின் மேல் இருந்த கண், இடத்தின் உறுதியின் மேல் இருக்கவில்லை. அட்டவணையில் தனக்கென்று புதிய இடம் கேட்காமல், ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்த இடத்தை ஒப்பந்தத்தின் பலத்தில் பெற்றுக்கொண்டது. மூன்றாண்டு ஒப்பந்தம், மூன்றாண்டுப் படிப்பு. 2012-இல் ஆறாவது சேர்ந்த பிள்ளை எட்டாவது முடிக்கும் முன்பே ஒப்பந்தம் தீர்ந்துவிடும் என்பது கையெழுத்துப் போட்ட அன்றே தெரிந்த கணக்கு. இன்னொன்று: மாற்றலாகிக்கொண்டே இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளி வரிசையில் பாதிக்கும் குறைவான பள்ளிகளில்தான் ஜெர்மன் இருந்தது. ஜெர்மன் உள்ள ஊரிலிருந்து இல்லாத ஊருக்கு மாற்றல் வந்தால் பிள்ளை என்ன செய்யும்? நவம்பர் 2014-இல் எல்லாருக்கும் சேர்ந்து நடந்தது, அதற்கு முன்பும் தனித்தனிப் பிள்ளைகளுக்கு நடந்திருக்கக் கூடியதுதான்.

தனியார் பள்ளிகளுக்கு இந்த உத்தரவு பொருந்தவில்லை. அங்கே வெளிநாட்டு மொழி வகுப்புகள் அப்படியே நடந்தன. கட்டணம் கட்ட முடிந்தவருக்கு மொழி உண்டு.

2020 தேசியக் கல்விக் கொள்கை மும்மொழியில் குறைந்தது இரண்டு இந்தியாவுக்கே உரிய மொழிகளாக இருக்க வேண்டும் என்கிறது. கொரியன், ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் போன்றவற்றை இடைநிலைக் கட்டத்தில், அதாவது ஒன்பதாவதிலிருந்து, கூடுதலாகப் படிக்கலாம் என்கிறது. ஒன்பதாவது என்றால் பத்தாவது பொதுத்தேர்வின் நிழல் விழத் தொடங்கிவிட்ட வயது. நாக்கு இளகியிருக்கும், தப்பாகப் பேசக் கூச்சப்படாத பதினோரு வயதை விட்டுவிட்டு, பேசவே கூச்சப்படும் பதினான்கில் தொடங்கச் சொல்கிறார்கள்.

நான்காவது இடம்

1968 ஜனவரியிலேயே இருமொழிக் கொள்கைக்குப் போய்விட்டது தமிழ்நாடு. நம் அரசுப் பள்ளிகளுக்கு இந்த விவகாரம் இல்லை. ஆனால் மத்திய அரசுப் பள்ளி என்பதால் தமிழ்நாட்டில் உள்ள கேந்திரிய வித்யாலயாக்கள் அந்தக் கொள்கைக்கு வெளியே நிற்கின்றன. ஜெர்மன் எங்கே தள்ளப்பட்டதோ, அந்தக் கூடுதல் மொழி இடம் நமக்குப் பழகிய இடம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் மாணவர்கள் கேட்டால், ஒப்பந்த ஆசிரியர் ஒருவரை வைத்து, வாரத்தில் இரண்டொரு வகுப்பு. தேர்ச்சிக்குக் கணக்கில் வராத பாடம். சென்னையிலும் மதுரையிலும் உள்ள அந்தப் பள்ளிகளில் அப்படி உட்கார்ந்திருந்தது தமிழ்.

ஜெர்மன் பறிபோனபோது அதற்காக ஒரு நாட்டின் பிரதமர் பேசினார், பெற்றோர் உச்ச நீதிமன்றம் போனார்கள், தேசியப் பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. அதே அட்டவணையில், அதைவிட நீண்ட காலமாக நான்காவது இடத்தில் இருந்த மொழிக்கு அந்த வாரங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் வேற்றுமையை ஐந்து நிமிடத்தில் புரியவைக்கக்கூடிய இலக்கணம் அந்த நான்காவது இடத்தில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

2015 அக்டோபரில் மெர்கல் தில்லி வந்தபோது இரு நாடுகளும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. இந்தியாவில் ஜெர்மன் அந்நிய மொழியாக வளர்க்கப்படும். ஜெர்மனியில் நவீன இந்திய மொழிகள் வளர்க்கப்படும். முந்தைய ஆண்டின் கசப்பை ஆற்றுவதற்கு எழுதப்பட்ட வாசகம். அதன் இரண்டாம் பாதி நமக்கு முக்கியம். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, மணலில் எழுதும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து தமிழ் எழுத்துக் கற்றவர் சீகன்பால்கு. 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அவருடைய தமிழ் இலக்கண நூல் அச்சானது. அப்படி ஒரு தொடக்கம் உள்ள நாட்டில், பெரிய தமிழ் நூலகம் கொண்ட கொலோன் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பிரிவு, அந்தக் கூட்டு அறிக்கைக்குப் பிறகான ஆண்டுகளில் பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. 2021-இல் அதற்கு 1.25 கோடி ரூபாய் கொடுத்தது தமிழ்நாடு அரசு.